திமிரியில் அழவைத்த டான்ஸ் பாட்டு

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் பேண்டு செட் உடுப்போடு இருவர். ஒருவர் கையில் கிளாரினெட் பெட்டி, மற்றவர் மடியில் டிரம்.

"ஸ்காட்லாண்டு டான்ஸ் பாட்டுக்கு திமிரியில ஒரு தெருவே அழுதுச்சேண்ணா, அது எப்டி?" என்றார் டிரம்காரர்.

"ஷூ கம்பெனிக்கு ஆர்டர் குடுக்க வந்த ஸ்காட்லாண்டுக்காரருக்கு அவங்க ஊரு பிடில் பாட்டு ஒண்ணு வாசிச்சோம்ல? அவரே சொன்னாரு. அது மொதல்ல இத்தாலிக்காரங்க ஓபரால வர்ற பாட்டாம்."

"ஓபரான்னா இன்னா?"

"நம்ம கூத்து மாதிரி. சாவப்போறவகூட பாடி முடிச்சிட்டுதான் சாவா. அந்த அழுகைப் பாட்டை ஸ்காட்லாண்டு பிடில்காரங்க ஸ்பீடாக்கி டான்ஸுக்கு உட்டுட்டாங்களாம்."

"நாம சினிமா பாட்டுக்குப் பண்றதுதான்."

"அதேதான். ஸ்பீடைக் கம்மி பண்ணா அழுகை திரும்பி வருமான்னு பாத்தேன். திமிரியில அந்தப் பெரியவர் சாவுல, பாடையைத் தூக்கினப்போ மெதுவா வாசிச்சேன். வந்துடுச்சு."

"இன்னிக்கு சோளிங்கர் கல்யாணத்துல ஸ்பீடா வாசிக்கலாம்ணா. பசங்க ஆடித் தள்ளிடுவானுங்க."

"வாசிச்சிடலாம். பொண்ணு எந்த ஊரு?"

டிரம்காரர் சட்டைப்பையிலிருந்த கல்யாணப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தார்.

"திமிரி."

பஸ் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டியது.

"எந்தத் தெரு?" என்றார் கிளாரினெட்காரர்.