பங்குனியில்தான் தூக்கம்

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பையன்கள். சன்னலோரத்தில் இருந்தவன் சொன்னது காதில் விழுந்ததும் நான் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"வருஷத்துக்கு ஒருக்கதான் தூக்கம்னு உள்ளதத்தான் மக்கா சொன்னேன். சாரு பயந்துட்டாரு."

"யாரு, புதுசா வந்த கோயம்புத்தூரு சாரா?"

"ஆமா. படிப்பு, வெளையாட்டு, தூக்கம் எல்லாம் எப்பிடிப் போவுதுன்னு கேட்டாரு. படிப்பு பரீட்சைக்கு மொத நாளு, வாலிபால் தெனமும், தூக்கம் பங்குனியிலன்னேன்."

எங்கள் பக்கத்தில் உறங்குவதை ஒறக்கம் என்போம். தூக்கம் என்றால், கோவிலில் கைக்குழந்தைகளை மரத்தேரில் உயரத் தூக்கி வலம் வரும் நேர்ச்சை.

"அவரு கேட்டது ஒறக்கத்தன்னு வெளிய வந்த பெறவுதான் பிடி கிட்டிச்சு. அதுக்குள்ள, மொத பீரியடு வராண்டாம், நல்லா ரெஸ்ட் எடுன்னுட்டாரு. வாலிபாலையும் நிறுத்தியாச்சு. சனிக்கெழம மேட்சு!"

"போய் நெசத்தச் சொல்லுலே."

"சொன்னா மொத பீரியடுக்குப் போவணுமே."

பக்கத்தில் இருந்தவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது.

"எலே, என்னிட்டயும் கேட்டாருல்லா."

"நீ என்ன சொன்ன?"

"கைக்குழந்தையா இருக்கும்போ ஒருக்க, அதுக்குப் பெறவு இல்லேன்னேன்."

சன்னலோரத்தான் வாயைப் பொத்திக்கொண்டான். மற்றவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நாளைக்கு அம்மையக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு. அவளும் இதத்தானலே சொல்லுவா!"