வேஸ்ட்டு

கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் வரும் பேருந்து, சீமைக்கருவேல விறகு ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் எரிச்சலோடு சொன்னாள்:

“என் அடுப்பு அந்தா போகுது பாரு.”

“என்னக்கா சொல்றீக?”

“கம்மாயில வெறகு பொறுக்கப் போனா வாட்ச்மேன் வெரட்டுறான். எல்லாம் கரண்டு கம்பெனிக்காம். கேட்டா, இது வெறகே இல்லயாம், வேஸ்ட்டாம்! வேஸ்ட்டுக்கு எதுக்குடி காவலு?”

“அதை எரிச்சுத்தான கரண்டு எடுக்குறாக. நமக்கும் வரும்லக்கா?”

“எங்க வருது? நேத்தும் இருட்டுலதான் வெஞ்சனம் வச்சேன், பச்சை மட்டைய ஊதி ஊதி.”

பள்ளத்தில் லாரி குலுங்கியது. ஒரு கட்டு விறகு நழுவிச் சாலையில் விழுந்தது. அம்மாள் எழுந்துவிட்டாள்.

“கண்டக்டர் தம்பி, செத்த நிறுத்துப்பா! வேஸ்ட்டு விழுந்து கெடக்கு, எடுத்துட்டு வந்துர்றேன்.”