லீவ் என்ற சொல்லுக்காக வழக்காடிய சியாமளா அம்மையார்

கடற்காற்றும் சுண்ணக்கட்டித் தூளும் கலந்த வகுப்பறையில் கால் நூற்றாண்டு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியப் பெருந்தகையே! சலியா உழைப்பும் சாயா நெஞ்சும் வாய்த்த சியாமளா அம்மையாரே! தாங்கள் பணி நிறைவுறும் இந்நாளில், தாங்களே ஒருபோதும் சொல்லாத தங்கள் கதையை அவையோர்க்குச் சொல்ல இசைவு தாருங்கள்!

எழுபத்து மூன்றாம் ஆண்டு, தை மாதம். நம் பள்ளியைப் பெருக்கும் ஆதியம்மாள், மகளின் பிரசவத்துக்காகச் செய்யூருக்குப் போகப் பத்து நாள் விடுப்பு வேண்டினார். மனு எழுதுபவர் ஒருவர் ஆங்கிலத்தில் இரண்டே வரி எழுதித் தந்தார்: "ஐ லீவ் ஃப்ரம் மண்டே. டாட்டர் டெலிவரி." பேரனைக் கொஞ்சிவிட்டு அவர் திரும்பியபோது, வேலையை விட்டு விலகிவிட்டதாக மேலலுவலகத்து ஆணை காத்திருந்தது.

"நான் எப்பம்மா வேலைய வுட்டேன்? வுட்டவ சாவிய குடுத்துட்டுப் போவ மாட்டேனா? தோ, என் இடுப்புலதான் கீது!" என்று அழுதார்.

தாம் கற்பிக்கும் மொழியே ஒருத்தியின் பிழைப்பைப் பறித்ததை அம்மையாரால் பொறுக்க முடியவில்லை. மாமல்லபுரத்தில் பேருந்து மாறிச் செங்கல்பட்டு மேலலுவலகத்தில் போய் இறங்கினார்.

"லீவ்னா விட்டுப் போறதுதானே, டீச்சர்?" என்றார் அதிகாரி.

"விட்டுப் போறதும் லீவ்தான், விடுப்பும் லீவ்தான். விடைபெறுறது, அனுமதி கேக்கறது எல்லாத்துக்கும் அதே சொல்தான் சார். மக பிரசவத்துக்குப் போறவ இதுல எதைக் கேட்டிருப்பா?"

ஆணை கையெழுத்தாகிவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று அதிகாரி அனுப்பிவிட்டார். அம்மையார் அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார், ஒவ்வொரு முறையும் தம் சொந்த விடுப்பில்! நான்காம் முறை அதிகாரி சலித்துப்போய், "லீவ் இட், டீச்சர்" என்றார்.

"விட்டுடுங்கன்னு சொல்றீங்க. புரியுது சார். நான் விடறதா இல்லை."

வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அலுவலகம் பூட்டும் வேளையில் அதிகாரி கோப்பை வரவழைத்து, அந்த இரண்டு வரியை மறுபடி படித்தார். "எனக்கும் ரெண்டு பொண்ணு" என்றபடி ஆணையை ரத்து செய்தார்.

மறுநாள் காலை ஆதியம்மாள் வேலைக்கு வந்தார். அதே காலையில் தலைமையாசிரியர் சிவப்பிரகாசம் அவர்களிடம் அம்மையார் ஒரு வேண்டுகோள் வைத்தார்: இனி ஊழியர் கடிதங்கள் யாவும் தமிழிலேயே இருக்கட்டும்! ஆங்கில ஆசிரியை கேட்ட அந்த வரம் இன்றளவும் இப்பள்ளியில் நடைமுறையில் உள்ளது.

அம்மையீர்! உடல் நலமும் உள்ள நிறைவும் குன்றாது, உற்றார் சூழப் பல்லாண்டு வாழ்க! இம்மடலில் முதலில் ஒப்பமிடுவது யார் என்று எங்களுக்குள் பேச்சே எழவில்லை.

இங்ஙனம்,
ஆதியம்மாள் (கைநாட்டு)
சிவப்பிரகாசம், தலைமையாசிரியர்
மற்றும் ஆசிரியர், அலுவலர் அனைவரும்
30.6.1978