அவசரக்காரரை மணமேடை ஏற்றிய மெதுவக்காவுக்கு

கனிவும் கண்டிப்பும் கைகோத்த காவலரே! சவ்வின் சூட்சுமம் தெளிந்த செவிலியர் திலகமே! ஓயாமல் "மெதுவா, மெதுவா" என்று சொல்லியே எங்கள் டயாலிசிஸ் பிரிவில் 'மெதுவக்கா' என்று பெயர் வாங்கிய பெருந்தகையே! தங்கள் பணி ஓய்வு நாளில் எங்கள் பணிவான வணக்கம்.

ஒருபுறம் குருதி ஓட, மறுபுறம் கரைசல் ஓட, நடுவே நிற்கும் மெல்லிய சவ்வு கழிவை வழியனுப்பிக் குருதியணுக்களைக் காத்து நிற்கும் விந்தையை, புதிதாய் வந்த எங்களுக்கெல்லாம் சலிக்காமல் சொல்லித் தந்தீர்கள். திட்டியும் தந்தீர்கள், அதை மறைப்பானேன்!

தங்கள் புகழ் பாட ஒரு பேருந்து ஓட்டுநரின் கதை போதும். சிறுநீரகம் செயலிழந்து முதன்முறையாக நம்மிடம் வந்து படுத்த அவருக்கு, இரண்டு நாளில் மகள் கல்யாணம். எப்படியாவது மேடையில் நின்றுவிட வேண்டும் என்பதே அவருடைய தவிப்பு. முதல் நாளாதலால் மருத்துவர் குறைந்த நேரமும் குறைந்த வேகமும் எழுதியிருந்தார். அவருக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"பக்கத்துப் பெட்டுக்கு நாலு மணி நேரம் ஓடுது. எனக்கு மட்டும் ஏன் சிஸ்டர் கஞ்சத்தனம்?"

தாங்கள் வேறொரு நோயாளியிடம் போனதுதான் தாமதம்! ஓட்டுநர் கை சும்மா இருக்குமா? எட்டிப் பொத்தானை அழுத்தி இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டிவிட்டார். தாங்கள் திரும்புவதற்குள் தலைவலியும் குமட்டலும் அவரைப் பிடித்துக்கொண்டன. தாங்கள் ஓடிவந்து வேகத்தைக் குறைத்து, மருத்துவரை வரவழைத்து, தலைவலி அடங்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றீர்கள்.

"ரத்தத்துல இருக்குற கழிவ அவசரமா இழுத்துட்டா, மூளைச் செல்லுக்குள்ள இருக்குறது அதே வேகத்துல வெளிய வராதுண்ணே. அது தண்ணிய உள்ள இழுக்கும், செல்லு வீங்கிடும். பஸ்ஸுக்கு நீங்க டிரைவரா இருக்கலாம், இந்த வண்டிக்கு நான்தான்."

அவர் கண் கலங்கிவிட்டது. "என் பொண்ணு கல்யாணத்தப் பாப்பேனா சிஸ்டர்?"

"நான் சொல்றபடி கேட்டா கண்டிப்பா பாப்பீங்க."

மறுநாள் நம் பிரிவுக்கு விடுமுறை. ஆனாலும் மருத்துவரிடம் பேசி, அவர் ஒருவருக்காகவே கதவைத் திறந்து, இன்னொரு முறை நிதானமாய் ஓட்டினீர்கள். லீவு நாளில் வந்ததற்கு வீட்டில் தங்களுக்கு நல்ல மண்டகப்படி கிடைத்ததும் எங்களுக்குத் தெரியும்! அடுத்த நாள் காலை அவர் மகளுக்குப் பக்கத்தில் தெளிந்த தலையோடு நின்றார்.

அன்பின் உறைவிடமே! பணிக்குத்தான் ஓய்வு, தங்கள் பாசத்துக்கு இல்லை. உடல் தளராமல், உறக்கம் கெடாமல், பேரன்பு சூழப் பல்லாண்டு வாழ்க!

தாங்கள் அறிவீர்கள், அவையோரும் அறியட்டும். இவ்வளவு நேரம் இந்த மடலை வாசித்துக்கொண்டிருப்பவர் அந்த ஓட்டுநரேதான். நாங்கள் அழைக்கவில்லை, சண்டை போட்டு வாங்கிக்கொண்ட வேலை இது. இந்த இடத்தில் அவருக்குத் தொண்டை அடைக்கும். அடைக்கட்டும், நாங்கள் காத்திருக்கிறோம்.

நன்றி மறவாத,
டயாலிசிஸ் பிரிவுப் பணியாளர்கள்