ஸ்பான்சர் பேரு

லேப்டாப்ப விடு மாமா. போலீசுல கீற சாமான் எங்க ஓடிடப் போவுது? வர்றப்ப வரும். மொதல்ல குந்து. அந்தாண்ட வேணாம், வெயிலு மூஞ்சில அடிக்கும். இப்டி எனக்கு எதிர்ல குந்து. அண்ணே, ரெண்டு டீ. ஒண்ணுல சக்கர கம்மியா. பாத்தியா, உனக்கு எப்டி வேணும்னு எனக்குத் தெரியும். எங்க அக்காவக் கட்டுன நாள்லேர்ந்து பாக்குறேனே.

வூட்டுல பேச முடியாது மாமா. அக்கா காதுல வுழும். அதான் இங்க வரச் சொன்னேன்.

இன்னா, அழிக்கிறதா? எத்த அழிக்கிறது? அதெல்லாம் அவங்க எப்பவோ காப்பி எடுத்துக்கினாங்க. அதுல இன்னா கீதுன்னு உனக்கு முழுசா தெரியாதுல்ல. படம் ஒண்ணும் இல்ல, பயப்படாத. வெறும் சத்தம் தான். என் சத்தம்.

நீ குட்டி சைக்கிள்னு சிரிச்சியே, ஞாபகம் கீதா? எருமை மாடு மாதிரி வளந்தவனுங்க கொயந்த சைக்கிள் ஓட்டுறானுங்கன்னு சொன்ன. நானும் மொதல்ல சிரிச்சவன் தான். பிள்ளைப்பாக்கம் ஹாஸ்டல்ல கீற தெக்கத்திப் பசங்க, ஷிப்டு முடிஞ்சி வந்து தூங்காம அத்தக் கட்டிக்கினு அழுவானுங்க. மூடிக்கெடந்த அந்த குடோனு கெடச்சதும் தான் எல்லாருக்கும் கிறுக்கு புடிச்சிது. உன் கிட்ட ஜேசிபி ஓட்டுற நம்ம சின்னப்பையன் அந்த வண்டிய எடுத்தாந்து மண்ணக் கொட்டி, மேடு பள்ளம்லாம் அவனே போட்டான். டீசல் உன்னுது தான். சொல்லாம எடுத்தான், நீ ஒரு அறை வுட்ட, அப்பால சிரிச்ச.

ரேஸ நெட்டுல லைவா காட்டுனோமே, அதுக்கு எங்களுதுன்னு ஒரு வொயரு கூட கெடையாது மாமா. கேமரா குன்றத்தூர்ல கல்யாண வீடியோ எடுக்கிறவருது. மைக்கு மாரியம்மன் கோயிலு சவுண்டு சர்வீசுது, அதுல இன்னும் கூழ் வாசன போகல. நெட்டு என் போன்லேர்ந்து. கம்ப்யூட்டரு உன் பிளாட் ஆபீஸ் லேப்டாப்பு. அதுக்கு நீ கேட்ட ஒரே வாடக, நடுவுல நடுவுல உன் பேரச் சொல்லணும். இந்த நிகழ்ச்சிய உங்களுக்கு வழங்குறவர் பரசுராமன், பரசுராமன் நகர், வடக்குப்பட்டு, பட்டா ரெடி, ரோடு ரெடி. தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன் இப்போ.

கமெண்ட்ரி சொல்றவனுக்கு ஒரே ஒரு சட்டம் மாமா. வாய மூடக்கூடாது. மூடுனா பாக்குறவன் வேற எங்கனா பூடுவான். வளைவுக்கு வளைவு யாரு மொதல்ல வர்றான், யாரு ரெண்டாவது, பேரு சொல்லிக்கினே இருக்கணும். ஹாஸ்டல் பையன் வனமாமலையோட அப்பா நாங்குநேரிப் பக்கத்துல இருந்துக்கினு பாக்குறாரு, அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அவரு புள்ள பேரு காதுல வுழுந்தா தான் அவருக்கு ரேஸு.

கடைசி ரேஸுல நம்ம கண்ணப்பனும் வனமாமலையும். உன் தம்பின்னு சொல்றேன்னு நெனைக்காத, கண்ணப்பன் அன்னிக்கு பேய் மாதிரி ஓட்டினான். கடைசி வளைவுல ரெண்டு பேரு தோளும் ஒரசிச்சி. அவ்ளோ தான் மாமா. ஒரசிச்சி, கண்ணப்பன் பறந்து போய் தோளு கீழ இருக்கிற மாதிரி வுழுந்தான். எலும்பு ஒடைஞ்ச சத்தம் எனக்கு மேடையில கேட்டுச்சு, காஞ்ச மொளகா செடிய மிதிச்ச மாதிரி. கோட்டத் தாண்டுன வனமாமலை சைக்கிளக் கெடாசிட்டு திரும்பி ஓடியாந்து, அவந்தான் உன் தம்பிய வாரி எடுத்தான். வேன்ல ஏத்துற வரைக்கும் கையப் புடிச்சிக்கினு வந்தான். போவும்போது கண்ணப்பன் அவன் மண்டையில தட்டி, அடுத்த வாரம் வச்சிக்கிறேன்டான்னு சிரிச்சிட்டுத் தான் போனான்.

அது உனக்குத் தெரியாது. தெரியாதுன்னு எனக்கும் தெரியும், ஏன் குறுக்க பேசுற. அதத் தான சொல்ல வர்றேன்.

ஆளத் தூக்கிக்கினு ஓடுறப்ப காட்டுறதுக்கு இன்னா கீது? வெறும் மண்ணு. கம்ப்யூட்டர்ல குந்தியிருந்த உச்சிமாகாளி, அவனும் ஹாஸ்டல் பையன் தான், அந்த வுழுந்தத எடுத்து மெதுவா ஓட்டினான். மறுபடி ஓட்டினான். மறுபடி. ஓரத்துல செவப்பா லைவுன்னு எழுத்து எரிஞ்சிக்கினே கீது. அத எப்டி எடுக்குறதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. நீ உன் ஆபீஸ்ல போன வச்சிக்கினு பாக்குற. உன் தம்பிய ஒருத்தன் தோளால இடிக்கிறான், தள்ளுறான், திரும்பவும் தள்ளுறான். லைவுன்னு வேற போட்டிருக்கு. யாரு தான் சொம்மா இருப்பான்?

மெதுவா ஓட்டினா எல்லாமே வேணும்னே செஞ்ச மாதிரி தான் மாமா தெரியும். நீ இப்ப கிளாஸு எடுக்கிறியே, இத மெதுவா ஓட்டினா கூட எவனையோ கொல்லப் போற மாதிரி தான் இருக்கும்.

நீ எனக்கு போன் அடிச்சியாம், அக்கா சொல்லிச்சு. என் போன்ல தான நெட்டு. கால் வந்தா படம் அறுந்துடும்னு கால் வராம பண்ணி வச்சிருந்தானுங்க. ஒரே ஒரு ஹலோ மாமா. ஒரு ஹலோ சொல்லியிருந்தா நீ பிரியாணி வாங்கிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்ப.

வந்தீங்க. பொலேரோ நேரா ஷட்டரு மேல. உன் ஆளுங்க கோதண்டம், நாகப்பன், இன்னும் வண்டி நெறைய ஆளு, எல்லார் கையிலயும் பிளாட்டுக்கு வேலி போடுற கம்பி. எனக்கு ஒண்ணுமே புரியல. கையில மைக்கு கீது. வாயி தானா ஓடுது. இதோ உள்ள வர்றாரு கோதண்டம், கையில ராடு, கோதண்டம் வேணாம், கோதண்டம் அடிச்சிட்டாரு, நாகப்பன் இடது பக்கமா வர்றாரு. கேட்டா எனக்கே அசிங்கமா கீது, ரேஸு சொல்ற அதே ராகம். ஆனா சத்தியமா சொல்றேன், பேரச் சொன்னா வெக்கப்பட்டு நின்னுடுவீங்கன்னு நெனச்சேன். ஊரே கேக்குதுன்னு தெரிஞ்சா கை தாழ்ந்துடும்னு நெனச்சேன். எவனும் நிக்கல.

உச்சிமாகாளி கம்ப்யூட்டர மறைச்சிக்கினு கைய நீட்டினான், அவன் வெரலு மேல ஒரு போடு. நாலு வெரலு அப்டியே திரும்பிக்கிச்சி. அவனுங்களும் சொம்மா இல்ல. செயின கைல சுத்திக்கினு வெளாசினானுங்க. ஒருத்தன் சைக்கிளையே தூக்கிச் சுத்தினான், நாகப்பன் பல்லு ரெண்டு என் மேடையில வந்து வுழுந்துச்சி. ஓடுறவன் முதுகுல அடி, வுழுந்தவன் மேல அடி. ஹெல்மெட்டு ஒடைஞ்சா மண்ட ஒடைஞ்ச சத்தம் தான் மாமா, வித்தியாசம் தெரியாது. கோதண்டம் கேமராவ அடிச்சி நொறுக்கிட்டு லைட்டையும் ஒடைச்சாரு. நாகப்பன் ரத்த வாயோட வந்து கண்ணுல பட்ட வொயரெல்லாத்தையும் புடுங்கி எறிஞ்சான். படம் செத்துப் போச்சி, நெட்டும் போச்சி. அத்தோட எல்லாம் போச்சின்னு நெனச்சீங்க. லேப்டாப்புல பேட்டரி கீதே மாமா. என் மைக்கு வொயரு மட்டும் அதுல மாட்டிக்கினு இருந்துச்சி, டேபிளுக்கு அடியில குந்திக்கினு அது எல்லாத்தையும் பதிவு பண்ணிக்கினே இருந்துச்சி. நல்ல லேப்டாப்பு.

டீ நல்லா கீதா? குடி.

ஹாஸ்டல் பசங்க பின்னாடி வழியா ஓடிட்டானுங்க. வனமாமலை மட்டும் ஓடல. நான் ஒரு தப்பும் பண்ணலியே, எதுக்கு ஓடணும்னு நின்னுட்டான் லூசுப் பய. ஒரே தூசி, இருட்டு. பின் ஷட்டரு பக்கத்துல கொஞ்சமா வெளிச்சம். அங்க அவன், ஹெல்மெட்டு இல்லாம. ரெண்டு கையையும் தூக்கிக்கினு வந்து சொல்றான், அண்ணாச்சி, கண்ணப்பனுக்கு ஒண்ணுமில்ல, தோளு எலும்பு தான், நான் தான் வேன்ல ஏத்துனேன். அது அந்த சத்தத்துல கீது மாமா. மெதுவா, ஆனா கேக்குது.

அதுக்கு அப்பால நான் சொன்னது ஒரே ஒரு வரி. சின்னப்பையன் ராடப் புடிச்சிட்டான். அத்தோட நிறுத்திட்டேன். காலைலேர்ந்து மூடாத வாயி மூடிக்கிச்சி. அப்பால கேக்குறது ரெண்டு அடி. ஈர மண்ணுல கடப்பாரை எறங்குற மாதிரி ரெண்டு அடி. அப்பால நான் ஐயோன்னு கத்துறேன்.

போலீஸ்காரன் இன்னா நெனப்பான்? சின்னப்பையன் ராடப் புடிச்சிட்டான், அடி வுழுந்துச்சி. அவனத் தூக்கிட்டாங்க. அவன் கையில காயம் வேற கீது, ராடு இழுத்து கிழிச்ச காயம். வனமாமலை ஆஸ்பத்திரில கண்ணு முழிக்காமலே செத்துப் போனதும் அடிதடி கேசு கொலைக் கேசாச்சி. இன்னிக்கு வரைக்கும் சின்னப்பையன் போலீசு கிட்ட வாயத் தொறக்கல. மொதலாளி பாத்துக்குவாரு, மொதலாளி வெளிய எடுத்துருவாருன்னு வந்தவங்க கிட்டல்லாம் சொல்லிக்கினு கீறானாம்.

வக்கீலு வச்சிருக்க, சரி. நல்லது. கத்தாத மாமா, மெதுவா பேசு.

முந்தாநேத்து வனமாமலை அப்பா ஸ்டேஷனுக்கு வந்திருந்தாரு. அந்த சத்தத்தக் கேக்கணும்னு வந்தாரு. என்னையும் கூப்ட்டு வுட்டாங்க. மனுசன் அழல. மொதல்ல ரேஸு எடத்தப் போடச் சொன்னாரு. எம் புள்ள ஜெயிச்சானாய்யான்னு கேட்டாரு. நெட்டு கட்டாயி கட்டாயி வந்ததுல கடைசி அவருக்குத் தெரியலியாம். ஜெயிச்சான்யான்னு சொன்னேன். என் கொரல்லயே அவன் பேரக் கேட்டாரு, வனமாமலை மொதல்ல, வனமாமலை மொதல்லன்னு. தலைய ஆட்டிக்கினாரு. அப்பால முழுசும் போடச் சொன்னாரு. அண்ணாச்சின்னு புள்ள கொரலு வந்தப்போ மேசையப் புடிச்சிக்கினாரு. முடிஞ்சதும் என்னியப் பாத்துக் கேட்டாரு. அவ்வளவு நேரம் பேசிட்டே இருந்தியேய்யா, இந்த எடத்துல மட்டும் ஏன்யா பேசல?

அங்க குந்தியிருந்த எந்தப் போலீசுக்கும் அது தோணல மாமா. கண்ணு தெரியாத மனுசனுக்குத் தோணுச்சி.

ஏன் பேசலன்னு உனக்குத் தெரியும். சின்னப்பையன் புடிச்சது உன் கையில இருந்த ராட. பின்னாலேர்ந்து ரெண்டு கையாலயும் இழுத்துப் புடிச்சான், வேணாம் மொதலாளின்னு. நீ ஒதறித் தள்ளின. அடுத்த பேரு நான் சொல்ல வேண்டியது. சொல்லியிருக்கணும். அக்கா மூஞ்சி தான் மாமா கண்ணு முன்னாடி வந்துச்சி. காலைலேர்ந்து உன் பேரத் தான சொல்லிக்கினு கெடந்தேன், பட்டா ரெடி, ரோடு ரெடின்னு. அந்த ஒரு தபா தான் வாயில வரல.

சட்டைய வுடு. வுடு மாமா, கடைக்காரரு பாக்குறாரு. கிழிஞ்சா கிழியட்டும். அறையணும்னா அறைஞ்சிக்கோ, வாங்கிக்கிறேன். எனக்கு உன் மேல கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன், வயிறு எரியுது. ஆனா நீ எனக்கு மொத மொதல்ல பேண்டு எடுத்துக் குடுத்த ஆளு. அதுவும் கீது.

இன்னிக்கு காலைல வந்துச்சி மாமா அந்தப் பேரு. ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன்.

திரும்பாத. உனக்குப் பின்னாடி பெஞ்சில கீற ரெண்டு பேரும் டீ வாங்கி அப்டியே வச்சிருக்காங்க. வூட்டுக்கு வந்து அக்கா எதிர்ல தூக்க வேணாம், நானே கூட்டியாறேன்னு நான் தான் கேட்டுக்கினேன். அவசரம் ஒண்ணும் இல்ல. டீயக் குடி.