கல் உடைத்த மதியம்

என் பெயர் நாகையா, வயது 57, தகப்பனார் பெயர் ரத்தினசாமி, எம். புதுப்பட்டியில் குடியிருக்கிறேன். எட்டாவது வரை படித்துள்ளேன். என் மகன் முனியராஜ் உள்குத்தகைக்கு எடுத்து நடத்தும் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கிறேன். விபத்து நடந்த செவ்வாய்க்கிழமை மதியம் எங்கே இருந்தேன் என்று விசாரணை அதிகாரி கேட்டதன்பேரில் சொல்வதாவது: அந்நேரம் நான் விருதுநகரில் ஒரு தனியார் மருத்துவமனை வராந்தாவில், பின்பக்கம் திறந்த பச்சை அங்கியோடு ஓடிக்கொண்டிருந்தேன். இதற்கு நர்சம்மா சாட்சி.

எனக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்தது. அதை உடைக்கும் மெஷின் முதல் தட்டு தட்டியதும், சத்தம் கேட்டால் யோசிக்காமல் வெளியே ஓடவேண்டும் என்று ஆலையில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கும் நான், மேசையிலிருந்து குதித்து நர்சம்மாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அதன்பிறகு டாக்டர் என்னைத் திரும்பப் படுக்கவைத்து, இது வெடியல்ல, அதிர்ச்சி அலை என்றும், இடுப்பில் வைத்த தண்ணீர்ப் பை வழியாக உள்ளே போகும் என்றும், சதையும் தண்ணீர் மாதிரிதான் என்பதால் அதைக் கடந்துபோய்க் கல்லின் மேல் குவிந்து மோதும்போதுதான் கல் விரிசல் விடும், தட்டத் தட்டப் பொடியாகி மூத்திரத்தோடு போய்விடும் என்றும் சொன்னார். ஆளை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் பிடிக்கும் அதிர்வை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. அசையாமல் படுத்துக்கொண்டேன்.

இந்த வைத்தியத்துக்கு நாள் குறித்தவன் என் மகன். முந்திய நாள் மதியம் அவசர ஆர்டருக்கு வெடிமருந்து கலக்கச் சொன்னான். வெயில் ஏறிய பிறகு கலக்கக்கூடாது என்று மறுத்தேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வந்து, "சீசன் கெடந்துட்டுப் போகுதுப்பா, நாளைக்கே போயி கல்லப் பாத்துருவோம். நீங்கதான் முக்கியம்" என்றான். இதை நான் டீக்கடையில் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன். மறுநாள் என்னை மேசையில் ஏற்றும்வரை கூட இருந்துவிட்டு, கீழே டீ குடித்து வருவதாகச் சொல்லிப் போனான். டீ குடிக்க ஆலை வரைக்கும் போயிருக்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதன்பிறகு வார்டில் இருந்தபோது போனில் பேசினான். கலவை அறை வெடித்து, வேலை பார்த்த கற்பகவல்லிக்கு இரண்டு கையும் வெந்துவிட்டதாகச் சொல்லி, "போர்மேன் இல்லாம கலந்தோம்னு தெரிஞ்சா என்னய உள்ள வச்சிருவாகப்பா. நீங்க கூட நின்னதாச் சொல்லீருங்க" என்றான்.

அதன்பிறகு நான் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கற்பகவல்லியைப் பார்த்தேன். "நீங்க கலக்கச் சொன்னீகன்னு முனியராஜ் சொல்லவுந்தான மாமா கை வச்சேன்" என்றாள். நான் அப்படிச் சொல்லவில்லை. என் பேரைச் சொன்னாலொழிய அந்தப் பெண் மதியத்தில் மருந்தைத் தொடமாட்டாள் என்பது என் மகனுக்குத் தெரியும்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. போனில் மகனுக்கு என்ன பதில் சொன்னாய் என்று அதிகாரி கடைசியாகக் கேட்டதால் இதையும் சேர்க்கச் சொன்னேன்: பதில் ஒன்றும் சொல்லவில்லை. கல் உடைந்ததா என்று அவன் கேட்கவில்லை. உடைந்துவிட்டது என்று வாய்வரை வந்ததை நானும் சொல்லவில்லை.

(ஒப்பம்) ர. நாகையா