இடக்கைப் பிரேக்

ஹேண்டில்பாருக்கு நாடா சுற்றும்போது கீழிருந்து மேலே சுற்ற வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் கை உராய்ந்து இரண்டே வாரத்தில் ஓரம் சுருண்டுவிடும். என் மச்சான் கோமாரின் சைக்கிளுக்கு நான் கீழிருந்துதான் சுற்றினேன். பொறுமையாக, ஒரு சுருக்கம்கூட விழாமல். வெறுப்பில் செய்கிற வேலை அப்படி இருக்குமா, பந்தயக் கமிட்டியாரே, நீங்களே சொல்லுங்கள்.

கோமார் என் தங்கை ஆர்லெட்டின் கணவர். இறைச்சிக் கடை வைத்திருக்கிறார். முதலில் அவர் வயிறு வரும், பிறகு அவர் வருவார். எங்கள் குடும்பத்தில் சைக்ளோகிராஸ் என்றால் நான்தான். குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் சேற்றில் பந்தயச் சைக்கிள் ஓட்டுகிறேன். யாராவது ஒருவரையாவது பின்னுக்குத் தள்ளிய ஆண்டுகளும் உண்டு. பந்தயம் முடிந்து தங்கை வீட்டுக்குப் போனால், அவள் சுடுகிற ஆப்பிள் டார்ட்டில் பெரிய துண்டு எனக்குத்தான் வரும். சிரிக்காதீர்கள். தனியாக வாழும் மனிதனுக்கு அது சின்ன விஷயமில்லை.

போன இலையுதிர்காலத்தில் கோமார் கொட்டகையிலிருந்து தன் பழைய மவுண்டன் பைக்கை எடுத்தார். சாசேஜ் கொண்டுபோய்க் கொடுக்கிற வண்டி அது. இருவரும் காட்டுப் பக்கம் ஒரு சுற்றுப் போனோம். மேட்டில் என்னைக் கடந்து போனபோது அவர் பேசிக்கொண்டே போனார்.

"என்ன மச்சான், வண்டிக்கு மூச்சு வாங்குதா, உனக்கா?"

அன்று மேசையில் ஆர்லெட் சொன்னாள்: "ஃபிர்மின் அண்ணே, ஊர்ப் பந்தயத்துல இவரும் இறங்கட்டுமே. கடைசியில வர்றதுக்கு உனக்கும் ஒரு துணை வேணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டார்ட்டின் பெரிய துண்டு கோமாரின் தட்டுக்குப் போனது.

நம் பந்தயத்தில் வளைந்த ஹேண்டில்பார் இல்லாத சைக்கிளைச் சேர்ப்பதில்லை. "நீதான் மச்சான் மாத்தித் தரணும், கடைக்காரன்கிட்ட குடுக்க மனசே வரல" என்று கோமார் வந்து நின்றார். மனமார ஒப்புக்கொண்டேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும், ஸ்பிரிங்கில் ஆடுகிற பழைய கவையைக் கழற்றி, ஆடாத ஒன்றைப் போட்டேன். வளைந்த பார் முன்னால் எட்டி நிற்கும் என்பதால் அதைத் தாங்கும் தண்டைக் குட்டையாக்கினேன். பந்தயச் சைக்கிளின் பிரேக் லிவர் கேபிளைக் கொஞ்சமாகத்தான் இழுக்கும். அந்தப் பழைய பிரேக்குக்கு நிறைய இழுக்க வேண்டும். நடுவில் ஒரு சின்ன உருளை வைத்தால் சரியாகிவிடும். அதை வைக்காமல் விட்டுவிட்டு, பிரேக் பிடிக்கவில்லையே என்று புலம்புகிறவர்கள் ஏராளம். நான் வைத்தேன். சுவரில் மோதியதுபோல் நின்றது வண்டி.

கேபிள்களைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் கடையில் வாங்குகிற சைக்கிளில் இடக்கை லிவர் முன்சக்கரத்துக்குப் போகும். நம் ஊர்க்காரர்கள் அதை மாற்றிக்கொள்வோம். பலகைத் தடுப்பு வந்தால், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டுவதற்காக ஓட்டத்திலேயே இடப்பக்கம் குதிக்கிறோம். வலக்கை சட்டத்தைப் பிடிக்கப் போய்விடும், லிவரில் இடக்கை மட்டும்தான் இருக்கும். அது பின்சக்கரத்தைப் பிடித்தால் வேகம் தணியும். முன்சக்கரத்தைப் பிடித்தால் ஆள் தலைகுப்புறப் போவான். கோமாரின் பழைய வண்டியும் நம் ஊர் முறைப்படிதான் இருந்தது. நான் கடை முறைப்படி இணைத்தேன். எந்தக் கையேட்டைத் திறந்தாலும் அதுதான் சரி என்றிருக்கும். அவரிடம் சொல்லவில்லை. நாடாவின் பசை காயட்டும் என்று சொல்லி, பந்தயத்தன்று காலையில்தான் வண்டியைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் சேர்த்துப் பிரேக் பிடித்தால் வித்தியாசம் தெரியாது.

முதல் சுற்றில் கோமார் எனக்கு முன்னால் போனார். உருளைக்கிழங்கு வறுவல் கடைக்காரருக்குக் கையசைத்துக்கொண்டே போனார். பலகைகள் வந்தன. வலக்கையை எடுத்தார், இடக்கையால் பிரேக் பிடித்தார். சைக்கிள் மூக்கில் நின்றது, அவர் இரண்டு பலகைகளையும் தாண்டி விழுந்தார். காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, அவ்வளவு பக்கத்தில் இருந்தேன். என் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பலகைகளைத் தாண்டினேன். பிறகு அவரையும் தாண்டினேன். என் பூட்ஸ் முள் ஒன்றுகூட அவர்மேல் படவில்லை.

ஆனால் அந்த மனிதர் எழுந்தார். முன்சக்கரம் கோணிப்போயிருந்தது. வண்டியை நல்ல தோளில் மாட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார். தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள வயலில் என் சக்கரம் களிமண்ணில் சிக்கியிருந்தபோது பக்கத்தில் வந்தார். முகமெல்லாம் சேறு, வெளிறிப்போயிருந்தார்.

"மச்சான், ஓட்டுறியா, உழுறியா?"

எனக்கு முன்னால் முடித்துவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார். மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மேலதான் தப்பு மச்சான். நீ அவ்வளவு நல்லா செஞ்சு குடுத்த, எனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. நடந்தே என்னை ஜெயித்த கதையை அவர் அந்த வார்டு முழுக்கச் சொல்லியிருந்தார்.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் நேற்று நீங்கள் கூடிப் பேசி, வேலை தெரியாதவர் மாற்றிய சைக்கிளால் நேர்ந்த விபத்து என்று முடிவு செய்தீர்களாம். அதைக் கேட்டபின் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அது விபத்தே இல்லை, ஐயா. எந்த இடத்தில், எந்தக் கையால் பிடிக்கும்போது அவர் விழ வேண்டும் என்று நினைத்தேனோ, சரியாக அங்கேதான் விழுந்தார். வேலையில் ஒரு குறையும் இல்லை. அதை மட்டும் திருத்தி எழுதிவிடுங்கள்.